எபாக்ஸியா, யூவி ரெசினா?

கம்மல், சாவிக்கொத்து செய்ய எந்த ரெசின் (அச்சில் ஊற்றினால் இறுகிக் கெட்டியாகும் பிசின் திரவம்) வாங்கலாம் என்று கேட்டால், என்ன நிறம் வேண்டும் என்றுதான் முதலில் கேட்பேன்.

யூவி, அதாவது புற ஊதா ஒளியில் இறுகும் ரெசினில் இரண்டு திரவங்களைக் கலக்கும் வேலையே இல்லை. 365 முதல் 405 நானோமீட்டர் விளக்கின் கீழ் சில நிமிடங்களில் இறுகிவிடும். ஆனால் ஒளி உள்ளே இறங்கினால்தான் இறுகும். ஆல்கஹால் இங்க் (ஆல்கஹாலில் கரைத்த சாயம்) ஓரிரு சொட்டு விட்டால் பாதகமில்லை. கறுப்பு நிறமிப் பசை கலந்து நான் செய்த பதக்கம் மேலே பளபளத்தது. அச்சிலிருந்து எடுத்துத் திருப்பியதும் அடிப்பக்கம் வெல்லப்பாகாய் விரலில் ஒட்டியது. அடர்நிறம்தான் வேண்டுமென்றால் மெல்லிய அடுக்குகளாக ஊற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனியே விளக்கில் காட்ட வேண்டும்.

எபாக்ஸி, ஹார்டனர் என்ற இறுக்கும் திரவத்தோடு வினைபுரிந்து இறுகுவது. வெளிச்சம் தேவையில்லை, அதனால் அடர்நிறமும் ஏற்கும். பெரும்பாலும் 24 மணி நேரம் பொறுக்க வேண்டும். புட்டியில் அச்சிட்டிருக்கும் விகிதத்தைத் துல்லியமாக அளந்து, கிண்ணத்தின் ஓரம், அடி எல்லாம் வழித்து நிதானமாகக் கலக்குங்கள். நிறமி மொத்த எடையில் 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும். மினுமினுக்கும் மைக்கா தூளைக் கலந்து உடனே ஊற்றினால் தூள் அடியில் தங்கிவிடும். கலவை தேன் பதத்துக்கு வந்தபின் ஊற்றினால் மினுக்கு அங்கங்கே அழகாக மிதந்து நிற்கும். தண்ணீர் கலந்த பெயின்ட் மட்டும் வேண்டாம், மங்கிப்போகும்.

கண்ணாடி போன்ற மெல்லிய கம்மலுக்கு யூவி. மற்ற எல்லாவற்றுக்கும் என் கை எபாக்ஸிக்குத்தான் போகும். எதுவானாலும் கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.