படியும் பஸ்ஸும் இறக்கமும்: மலையகத்துக்கு ஏற்ற இலேசான குழந்தைத் தள்ளுவண்டி எது?

இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் குடியிருந்துகொண்டு ஹட்டனுக்குப் பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறேன். மகளுக்கு எட்டு மாதம் நிரம்பியபோது தள்ளுவண்டி வாங்கும் யோசனை வந்தது. எங்கள் வாசலிலிருந்து பாதைக்கு இறங்க 43 படிகள் உள்ளன. அதன்பின் சிறிது தூரம் கொங்கிரீட் பாதை, பிறகு பஸ், பிறகு டவுனின் ஏற்ற இறக்கங்கள். இந்தப் பயணத்தில் வண்டி உருளும் நேரத்தைவிட அது என் கையில் தொங்கும் நேரமே கூடுதல் என்பது முதல் வண்டியை வாங்கிய பிறகுதான் விளங்கியது. சமதரை நகரங்களில் வாழ்வோருக்கு எழுதப்படும் ஆலோசனைகள் இருக்கையின் மெத்தை, நிழற்கூரையின் அகலம், கூடையின் கொள்ளளவு என்று தொடங்குகின்றன. மலையில் வாழும் நமக்கு அவையெல்லாம் பிந்திய கேள்விகள். வண்டி எப்படி மடிகிறது, மடித்த பிறகு எப்படித் தூக்க வருகிறது, இறக்கத்தில் எப்படி நிற்கிறது என்ற மூன்றையும் வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

இலேசான வண்டி என்று கடைக்காரர் காட்டுபவற்றில் பெரும்பாலானவை இரண்டு வகைக்குள் அடங்கும். ஒன்று, குடையைப் போல நீளவாட்டில் ஒடுங்கும் குடை மடிப்பு வண்டி. ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கும் சக்கர அமைப்பில் பணியாற்றிய பிரித்தானியப் பொறியியலாளர் ஓவன் மக்லாரன், 1965இல் அலுமினியக் குழாய்களைக் கொண்டு இதை வடிவமைத்தார். அந்த முதல் வண்டியின் நிறை ஏறத்தாழ 2.7 கிலோ மட்டுமே. இன்று கிடைப்பவை பெரும்பாலும் 4 முதல் 7 கிலோ வரை இருக்கின்றன. மற்றது, இரண்டு மூன்று மடிப்பாகச் சுருங்கிச் சிறு பயணப் பெட்டியின் அளவுக்கு வரும் வகை; இதைப் பெட்டி மடிப்பு என்று சொல்லிக்கொள்வோம். 2012இல் பிரான்ஸில் அறிமுகமான பேபிசென் யோயோ இவ்வகையைப் பரவலாக்கியது. அது சுமார் 6 கிலோ நிறையுடையது. மடித்தால் 52 × 44 × 18 சென்ரிமீற்றருக்குள் அடங்கிவிடும். 2014இல் கின்னஸ் சாதனையாகப் பதிவான ஜீபி பொக்கிட் இன்னும் சிறியதாக, 35 சென்ரிமீற்றர் உயரத்துக்குள் சுருங்கியது. இவற்றின் அமைப்பைப் பின்பற்றிய மலிவான வண்டிகள் இன்று பல பெயர்களில் விற்கப்படுகின்றன.

நான் முதலில் வாங்கியது குடை மடிப்பு வண்டிதான். விலை குறைவு, நிறையும் குறைவு. ஆனால் மடிப்பதற்குக் காலால் பின்புறக் கம்பியை மேலே தட்டி, பக்கப் பூட்டை அழுத்தி, இரு கைப்பிடிகளையும் முன்னோக்கித் தள்ள வேண்டியிருந்தது. அதாவது இரண்டு கையும் ஒரு காலும் வேண்டும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மழையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது இது நடக்கிற காரியமல்ல. "அக்கா, வண்டிய மடிச்சிட்டு ஏறுங்க, பஸ்ஸ எடுக்கணும்" என்று நடத்துநர் குரல் கொடுக்க, பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி பிள்ளையை வாங்கிக்கொண்ட நாட்கள் பல. மடித்த பிறகும் அது ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் நின்றது. நெரிசலான பஸ்ஸில் சாய்த்து வைத்தால் வழுக்கி விழும், பிடித்துக்கொண்டால் கம்பியைப் பிடிக்கக் கை இல்லை. ஓட்டோவில் மட்டும் அது தொந்தரவு தரவில்லை. இருக்கைக்குப் பின்னால் குறுக்காகச் செருகினால் நின்றுவிடும்.

பெட்டி மடிப்பு வண்டி இந்த இடத்தில் தெளிவாக முந்துகிறது. கைப்பிடியிலுள்ள பொத்தானை அழுத்திக்கொண்டு கீழ்நோக்கித் தள்ளினால் ஒரே கையால் மடிந்துவிடும் வண்டிகளும் உள்ளன. மடித்த வண்டியை வார்ப்பட்டியில் தோளில் மாட்டிக்கொள்ளலாம். பஸ்ஸில் இருந்தால் கால்களுக்கிடையில் நிற்கும், ரயிலில் மேல் தட்டில் கிடக்கும். மலைநாட்டு ரயில் நிலையங்கள் சிலவற்றில் மேடைக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள உயரத்தை நினைத்தால், பிள்ளையை ஒரு கையிலும் கம்பியை மறு கையிலும் பிடித்து ஏறத் தோள்பட்டி எவ்வளவு உதவும் என்று புரியும். விலைதான் தடை. ஒரு குடை மடிப்பு வண்டியின் விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு கேட்கிறார்கள். தோட்டத்துச் சம்பளத்தை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது சிறிய தொகை அல்ல என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

சக்கரத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனெனில் என் முதல் வண்டி அங்கேதான் தோற்றது. இரு வகைகளிலும் சக்கரங்கள் சிறியவை. பெரும்பாலும் ஓர் உள்ளங்கை விட்டம்தான். கடைத் தரையில் அவை வழுக்கிக்கொண்டு போகும். சல்லி பெயர்ந்த தோட்டப் பாதையில், சுழலும் முன்சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் திசைமாறி நின்றுவிடும், பிள்ளையின் உடல் முன்னால் குலுங்கும். மூன்றாம் மாதத்தில், மழைநீர் ஓடக் கொங்கிரீட்டில் குறுக்கே வெட்டியிருந்த காணில் இறங்கி ஏறும்போது, என் வண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கிய பிளாஸ்டிக் கவை நடுவில் பிளந்தது. மகள் பட்டியில் இருந்ததால் விழவில்லை. அந்தப் பாகம் மட்டும் தனியே கிடைக்காது என்று விற்ற கடையில் சொன்னார்கள். ஆகவே முன்சக்கரத்தை நேராகப் பூட்டும் வசதி இருக்கிறதா, கவை உலோகமா பிளாஸ்டிக்கா, சக்கரத்துக்கு மேலே சிறு சுருள்வில்லாவது உண்டா என்று பாருங்கள். காணைக் கடக்கும்போது கைப்பிடியை அழுத்தி முன்சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு பின்சக்கரங்களால் ஏறுவதே முறை. கைப்பிடி இரண்டாகப் பிரிந்திருக்கும் குடை மடிப்பு வண்டியில் இது சிரமம். ஒரே குறுக்குக் கம்பியாக இருக்கும் வண்டியில் ஒரு கையாலேயே செய்யலாம்.

காற்றடைத்த டயர் பூட்டிய மூன்று சக்கர வண்டி ஒன்றை நுவரெலியாவிலுள்ள என் அக்காவிடம் இரவல் வாங்கி ஒரு மாதம் பாவித்தேன். கல்லுப் பாதையில் அதற்கு நிகர் இல்லை. பஞ்சர் ஆனால் சைக்கிள் கடையில் ஒட்டிவிடலாம். கிரகரி வாவியின் நடைபாதையிலும் விக்டோரியா பூங்காவிலும் அவள் அதை ஒரு விரலால் தள்ளிச் செல்கிறாள். ஆனால் இவ்வகை வண்டிகள் 10 கிலோவைத் தாண்டிவிடுகின்றன. 43 படிகளில் ஏற்ற எனக்கு இரண்டு நடை பிடித்தது, எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) இஸ்தோப்பில், அதாவது முன் விறாந்தையில், பாதியை அது அடைத்துக்கொண்டது. வாசல்வரை வாகனம் வரும் வீடுகளுக்கே அது பொருந்தும்.

இறக்கத்தில் நிறுத்துவதில் எந்த வண்டிக்கும் சலுகை காட்டக் கூடாது. இரண்டு வயதுப் பிள்ளை சராசரியாக 12 கிலோ இருக்கும். வண்டியையும் சேர்த்தால் 17 அல்லது 18 கிலோ. பத்தடிக்கு ஓரடி இறங்கும் பாதையில் அது கிட்டத்தட்ட 1.7 கிலோ விசையுடன் கையை விட்டு இழுத்துக்கொண்டே இருக்கும். கையடக்கத் தொலைபேசியை எடுக்கும் ஒரு கணம் போதும். 2009 ஒக்டோபரில் மெல்பேர்னின் அஷ்பர்ட்டன் ரயில் நிலையத்தில் மேடையின் சரிவில் உருண்ட தள்ளுவண்டி தண்டவாளத்தில் விழுந்து, வந்த ரயிலில் மோதியது. உள்ளே இருந்த குழந்தை சிறு காயத்துடன் தப்பியது பெரும் பேறு. ஆஸ்திரேலியாவின் கட்டாயத் தரவிதிப்படி, தள்ளுபவரின் மணிக்கட்டில் மாட்டும் பாதுகாப்புப் பட்டியும், எளிதில் கண்ணில் படும்படி சிவப்பு நிறத்தில் பிரேக் மிதியும் வண்டியில் இருக்க வேண்டும். சமதரை மிகுந்த நாட்டில் அப்படியென்றால், நமக்கு அந்தப் பட்டி எவ்வளவு அவசியம்! வண்டியோடு வராவிட்டால் உறுதியான நாடா ஒன்றைச் சட்டத்தில் தைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். குடை மடிப்பு வண்டிகளில் ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் தனித்தனி மிதி இருப்பதுண்டு. அவசரத்தில் ஒன்றை மட்டும் மிதித்துவிட்டு நகர்வது எளிது. ஒரே மிதியில் இரு சக்கரங்களும் பூட்டப்படும் அமைப்பையே நான் விரும்புகிறேன். இலேசான வண்டியின் கைப்பிடியில் மரக்கறிப் பையைத் தொங்கவிடுவதும் ஆபத்து: ஏற்றத்தில் அது பிள்ளையோடு பின்னால் சாயும்.

மடிப்பு மூட்டுகளிலும் கவனம் வேண்டும். 2009 நவம்பரில் அமெரிக்காவில் ஏறத்தாழ 10 இலட்சம் மக்லாரன் குடை மடிப்பு வண்டிகளுக்கு மூட்டு மறைப்புகள் வழங்கப்பட்டன. வண்டியை விரிக்கும்போது பிள்ளைகளின் விரல் நுனிகள் அதில் அகப்பட்டுத் துண்டான சம்பவங்களே அதற்குக் காரணம். எந்த வகையானாலும் விரிக்கும்போதும் மடிக்கும்போதும் பிள்ளை கை எட்டாத தூரத்தில் நிற்க வேண்டும்.

மழையைப் பொறுத்தவரை இரு மடிப்பு வகைகளும் ஏறத்தாழச் சமம்தான். இருக்கை உறை கழற்றித் துவைக்கக் கூடியதாக இருப்பது முக்கியம். தென்மேல் பருவமழைக் காலத்தில் நனைந்த இருக்கை நாட்கணக்கில் காயாமல் பூஞ்சணம் பிடித்துவிடுகிறது. இரும்புக் குழாய் துருப்பிடிக்கும், அலுமினியம் தாங்கும். பிளாஸ்டிக் மழையுறையைப் பஸ்ஸுக்குள்ளும் வெயிலிலும் உடனே எடுத்துவிட வேண்டும். குளிருக்கென்று கம்பளியால் வண்டியின் வாயை மூடுவதும் காற்றைத் தடுக்கும். பிள்ளைக்குத்தான் உடுப்பைக் கூட்ட வேண்டும்.

பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகவில்லையென்றால், முழுவதும் சாயாத இருக்கையுள்ள வண்டி எதுவும் வேண்டாம். அந்த வயதில் பிள்ளையை நெஞ்சோடு கட்டிச் சுமக்கும் நல்ல துணித் தாங்கி போதும்: பிள்ளையின் முகம் கண்ணில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும், நாடி நெஞ்சில் புதையக் கூடாது, முழங்கால்கள் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். கிளினிக்குக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்கும்) போகும் படிகளில் இன்றும் நான் தாங்கியைத்தான் பாவிக்கிறேன். எங்கள் அம்மா துணியில் முடிந்து சுமந்ததைத்தான் நானும் செய்கிறேன், கொளுக்கி மட்டுமே புதிது.

பஸ்ஸிலும் ரயிலிலும் போய்வருபவர்கள் பணத்தைச் சற்றுச் சேர்த்தாவது பெட்டி மடிப்பையே வாங்குங்கள் என்பது என் முடிவு. என்னுடைய இரண்டாவது வண்டி அதுதான்; ஒன்றரை வருடமாகச் சக்கரம் உடையாமல் இருக்கிறது. வீட்டிலிருந்து ஓட்டோவில் நேரே டவுனுக்குப் போய், கடைத்தெருவில் மட்டும் தள்ளுபவர்களுக்கு உலோகக் கவையுள்ள குடை மடிப்பு வண்டி தாராளமாகப் போதும். எதை எடுத்தாலும் கடையை விட்டு வெளியே கொண்டுவந்து, 10 கிலோ அரிசிப் பையொன்றை இருக்கையில் பட்டி போட்டு வைத்து, வீதியின் இறக்கத்தில் ஒருமுறை வண்டியின் முன்புறம் கீழ்நோக்கியும் ஒருமுறை மேல்நோக்கியும் இருக்க பிரேக் போட்டுப் பாருங்கள். பிறகு அந்தப் பையை இடுப்பில் ஏந்திக்கொண்டே வண்டியை மடித்துப் பாருங்கள். இதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.