பாரத் யூரியா 45 கிலோ மூட்டை: உரம் நன்று, விலையில்தான் கோளாறு

வேப்பெண்ணெய் பூசிய இந்த யூரியா மூட்டையை நாம் 266 ரூபாய் 50 காசுக்கு வாங்குகிறோம். இதற்காக மத்திய அரசு செலுத்தும் மானியமோ அந்த விலையைப் போலப் பல மடங்கு. எனவே இந்த மூட்டையை மதிப்பிடுவது அதற்குப் பின்னால் இருக்கும் மானியக் கொள்கையையும் சேர்த்து மதிப்பிடுவதாகவே அமையும்.

சரக்கின் தரத்தில் எனக்குக் குறை இல்லை. 46 விழுக்காடு தழைச்சத்து (நைட்ரஜன்) கொண்ட குருணைகள் உதிரியாக இருப்பதால் சீராக வீச முடிகிறது. 2015 முதல் கட்டாயமாக்கப்பட்ட வேப்பெண்ணெய்ப் பூச்சு, சத்து மண்ணில் வேகமாக உருமாறி வீணாவதைத் தாமதப்படுத்துகிறது. மானிய யூரியா ஒட்டுப்பலகைப் பசைத் தொழிலுக்குக் கடத்தப்படுவதைக் கடினமாக்குவதும் அதன் நோக்கம். 2022 முதல் எந்த ஆலையின் யூரியாவும் ‘பாரத்’ என்ற ஒரே பெயரில் வருவதால், உள்ளே இருப்பது தூத்துக்குடி ஸ்பிக் ஆலையின் யூரியாவா, மணலி ஆலையின் ‘விஜய்’ யூரியாவா என்பதைச் சிறிய எழுத்துகளில் தேட வேண்டியிருக்கிறது. உள்ளே இருப்பது ஒரே உரம்தான் என்பதால் அதனால் நட்டமில்லை.

சிக்கல் விலையில் இருக்கிறது. ஒரு மூட்டையில் 20.7 கிலோ தழைச்சத்து உள்ளது. அதாவது கிலோ 13 ரூபாய்க்கும் குறைவு. 1,350 ரூபாய்க்கு விற்கும் 50 கிலோ டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட்) உர மூட்டையில் 9 கிலோ தழைச்சத்தும் 23 கிலோ மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) உள்ளன. தழைச்சத்தை யூரியா விலைக்கே கணக்கிட்டுக் கழித்தால், மணிச்சத்து கிலோ 50 ரூபாயைத் தாண்டுகிறது. 2010இல் மணிச்சத்து, சாம்பல்சத்து (பொட்டாசியம்) உரங்களுக்குச் சத்தின் அளவைப் பொறுத்த மானியம் வந்தது. யூரியாவை மட்டும் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே வைத்து, விலையை அரசே கட்டிப்போட்டது. கையில் காசு குறைவாக உள்ள விவசாயி எதைக் கூடுதலாக இடுவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. யூரியா மிஞ்சினால் நெற்பயிர் கரும்பச்சையாகத் தழைத்து நிற்கும். பின்னாலேயே இலைசுருட்டுப் புழுவும் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியும் வரும், கதிர் முற்றும் வேளையில் சாய்ந்தும் போகும். மலிவு யூரியாவில் மிச்சப்பட்ட காசு பூச்சிமருந்துக் கடைக்குப் போய்ச் சேர்கிறது.

அதற்காக மானியத்தை ஒழித்துச் சந்தையிடம் விட்டுவிடலாம் என்பாரோடு நான் உடன்படவில்லை. யூரியாவுக்கு மூலப்பொருளான இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி இறக்குமதியாகிறது. 2022இல் உக்ரைன் போர் உலக உர விலையை ஏற்றிவிட்டபோதும் இந்த மூட்டை பழைய விலைக்கே கிடைத்ததற்கு மானியமே காரணம். உற்பத்திச் செலவு கூடியது என்று சொல்லி நெல்லின் விலையைத் தானே உயர்த்திக்கொள்ளும் வசதி விவசாயிக்கு இல்லாதபோது, செலவை மட்டும் உலகச் சந்தையோடு கட்டிவிடுவது நியாயமன்று. யூரியாவையும் சத்து அடிப்படையிலான மானியத்துக்குள் கொண்டுவந்து, அதனால் ஏறும் விலைக்கு ஈடான தொகையை ஏக்கர் கணக்கில் நேரே கொடுப்பதே சரியான வழியாக எனக்குப் படுகிறது. குத்தகைதாரர் விடுபடாமல் பார்த்துக்கொள்வதுதான் அதில் கடினமான வேலை.

மானியமே இல்லாமல் 225 ரூபாய்க்கு விற்கப்படும் அரை லிட்டர் நானோ யூரியாவை (இலையில் தெளிக்கும் திரவ உரம்) இதற்கு மாற்றாகக் கொள்ள முடியவில்லை. 2021இல் வந்த 4 விழுக்காட்டுப் புட்டியில் இருந்த தழைச்சத்து வெறும் 20 கிராம். பின்னர் செறிவைக் கூட்டியிருக்கிறார்கள் என்றாலும், மூட்டையின் இருபது கிலோவுக்கு அது ஈடாகாது. தட்டுப்பாட்டு நாட்களில் இதையும் சேர்த்து வாங்கினால்தான் மூட்டை தருவோம் என்று சில கடைகளில் வற்புறுத்துவது விதிமீறல், மறுத்துவிடலாம்.

மூட்டையைத் தாராளமாக வாங்கலாம். ஆதார் எண்ணோடு சென்று கைரேகை வைத்ததும் விற்பனைக் கருவியில் வரும் ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பயிர் வளரும்போது இடும் மேலுரத்தை ஒரே தடவையில் கொட்டாமல், தழைச்சத்துத் தேவையைப் பச்சை நிறச் சாயல்களால் காட்டும் இலை வண்ண அட்டையைப் பயிரின் இலையோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பிரித்து இடுங்கள்.