மழைக்காட்டு அறையா, பாலைவன அறையா?

தாவரக் கண்ணாடி மாளிகையில் நேரம் குறைவு என்றால் எந்த அறைக்குப் போவது? மழைக்காட்டு அறைக்குள் நுழைந்ததும் மூக்குக் கண்ணாடியில் ஆவி படியும்; கேமராவுக்கும் அதே கதிதான். குளத்தில் அமேசான் ராட்சத அல்லி இருந்தால் அதிர்ஷ்டம். இலை 2 மீட்டருக்கு மேல் விரியும். விளிம்பு தாம்பாளம் போல நிமிர்ந்திருக்கும், அடிப்பக்கம் முழுக்க முள். பூ முதல் இரவு வெள்ளை, மறுநாள் இரவு இளஞ்சிவப்பு. பகலில் போகிறவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பாலைவன அறையில் வியர்வைக் கசகசப்பு கிடையாது, ஆனால் பொறுமை வேண்டும். லித்தாப்ஸ் செடி கூழாங்கற்களுக்கு நடுவே கூழாங்கல்லாகவே கிடக்கும். வெல்விட்சியா என்ற செடி ஆயுள் முழுக்க இரண்டே இலைகளோடு காலம் தள்ளும். என் ஓட்டு பாலைவன அறைக்குத்தான். குழந்தைகளோடு என்றால் மட்டும் அல்லிக் குளம். கள்ளி முள்ளைத் தொட்டுப் பார்க்காத பிள்ளை உண்டா?