வெள்ளவத்தை ரொக்கெட் எஞ்சின் வகுப்பு: பிள்ளைகளை அனுப்பலாமா?

கட்டாயம் அனுப்பலாம். போன சனிக்கிழமை மகளோடு நானும் போனேன், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் சின்ன மண்டபம், ஒருநாள் வகுப்பு, முழுக்கத் தமிழில்.

சேர் பலகையில் முதலில் எழுதியது "எங்கே போகிறோம்?" என்ற கேள்விதான். தரையை விட்டுக் கிளம்பவா, சந்திரனில் மெதுவாக இறங்கவா, வருடக்கணக்காகத் தள்ளிக்கொண்டே போகவா, அது முடிவானால்தான் எஞ்சின் பேச்சு. மனிதரைச் சந்திரனுக்கு ஏற்றிச் சென்ற சாட்டர்ன் 5 ரொக்கெட்டின் மேல் கட்டங்களில் ஹைட்ரஜன், முதல் கட்டத்தில் மட்டும் ஏன் மண்ணெண்ணெய் வகை என்று மகள் கேட்டாள். ஒரு லீட்டர் போத்தலைத் தூக்கிக் காட்டினார்: மண்ணெண்ணெய் என்றால் இதில் 800 கிராம் அளவு பிடிக்கும், திரவ ஹைட்ரஜன் 70 கிராம்தான். தாங்கி எவ்வளவு பெருக்கும் என்று பிள்ளைகளே கணக்குப் போட்டார்கள்.

அப்புறம் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் இரண்டு ஏ4 தாள் வைத்தார். 2007இல் கிளம்பிய நாசாவின் டோன் விண்கலத்தின் அயன் எஞ்சின் (மின்னேற்றிய அணுக்களைப் பின்னால் வீசித் தள்ளுவது) தள்ளியது அந்தத் தாள்களின் எடை அளவுதானாம், ஆனால் மாதக்கணக்காக விடாமல் தள்ளியதால் வெஸ்டா என்ற சிறுகோளுக்கும் போய், அங்கிருந்து சீரிஸ் என்ற குறுங்கோளுக்கும் போனது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது இந்தியா செவ்வாய்க்கு அனுப்பிய மங்கள்யான் விண்கலத்தின் கதையில். அதன் பிரதான எஞ்சின் சுமார் 300 நாள் சும்மா கிடந்தது, செவ்வாயை நெருங்கியதும் 2014 செப்டெம்பர் 22இல் ஏறத்தாழ நான்கு செக்கன் எரித்துப் பார்த்தார்கள். சேர் கைக்கடிகாரத்தைப் பார்த்து அந்த நான்கையும் எண்ணினார், மண்டபத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அந்த எஞ்சினில் எரிபொருள், அதை எரிய வைக்கும் ஒட்சியேற்றி என்ற இரண்டு திரவமும் ஒன்றையொன்று தொட்டவுடன் தானாகப் பற்றிக்கொள்ளும், தீமூட்டத் தனிக் கருவி தேவையில்லை, இவ்வளவு நாள் கழித்து நம்பி இயக்கும் எஞ்சினுக்கு அதைத் தேர்ந்த காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

குறை இரண்டு. திண்ம எரிபொருளைப் பத்து நிமிடத்தில் ஓட்டிவிட்டார், இந்தியாவின் பிஎஸ்எல்வி ரொக்கெட்டின் முதல் கட்டமே அதுதான் என்னும்போது இது போதவே போதாது. தந்த குறிப்புகள் முழுக்க ஆங்கிலம், தமிழில் ஆசையாகக் கேட்ட பிள்ளை வீட்டுக்கு வந்து அந்தத் தாளோடு மல்லுக்கட்டுகிறாள், இதை அவர்கள் உடனே திருத்த வேண்டும்.

தரம் 9க்குக் கீழ் என்றால் இப்போதைக்கு வேண்டாம், விசையும் உந்தமும் தெரிந்திருக்க வேண்டும். வாகனம் விட இடமில்லை, வெள்ளவத்தை ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடுங்கள்.