பழைய பாய்மரப் படகு: ஃபைபர் படகா, பிளைவுட் படகா?

முதல் படகைப் பழையதாக வாங்க நினைப்பவர்கள் முன் பெரும்பாலும் இந்த இரண்டும்தான் வந்து நிற்கும். லேசர் போன்ற ஃபைபர் கிளாஸ் படகு ஒன்று. 1963-இல் அறிமுகமான மிரர் போன்ற பிளைவுட் படகு இன்னொன்று.

ஃபைபர் படகு வெளியே பளபளக்கும், கோளாறு உள்ளே ஒளிந்திருக்கும். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற சத்தம் திடீரென்று மந்தமானால், அங்கே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். மேல்தளத்தை அழுத்தினால் அமுங்கக் கூடாது. லேசரில் பாய்மரம் செருகும் குழியில் தண்ணீர் ஊற்றிக் காத்திருங்கள். மட்டம் இறங்கினால் கசிவு உறுதி. முடிந்தால் எடையும் போட்டுப் பாருங்கள். லேசரின் வெற்று உடல் சுமார் 59 கிலோதான் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஏறிய கிலோக்கள் உள்ளே தேங்கிய தண்ணீராக இருக்கலாம்.

பிளைவுட் படகு அவ்வளவாக மறைக்காது. மழைநீர் தேங்கும் மூலைகளையும் இணைப்புகளையும் கூரான ஊசியால் மெல்லக் குத்துங்கள் (உரிமையாளரிடம் கேட்டுவிட்டு!). ஊசி சுலபமாக இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் கூடுதலாகவே சந்தேகப்படுங்கள்.

பாய், கயிறு, சுக்கான் சோதனை இரண்டுக்கும் ஒன்றுதான்.

வெயில் மழையில் கிடக்கப் போகிறதென்றால் ஃபைபர்தான். சரி, கூரையும் மரவேலை ஆசையும் இருக்கிறதா? தயங்காமல் பிளைவுட் எடுங்கள். உளுத்த பகுதியை வெட்டிவிட்டுப் புதுத் துண்டு ஒட்ட வீட்டுக் கருவிகளே போதும்.