நான்கு வருடமாக லேக் (LAG): இரண்டு கேபிளை ஒன்றாகக் கட்டி ஓட்டிய அனுபவம்

எங்கள் அலுவலகத்தில் தரைத்தள நெட்வொர்க் சுவிட்சுக்கும் மாடி சுவிட்சுக்கும் நடுவே முன்பு ஒரே ஒரு ஜிகாபிட் கேபிள்தான். எல்லோரும் சர்வரில் ஃபைல் சேமிக்கும் மாலை நேரத்தில் திணறும். இன்னொரு கேபிளைச் சும்மா சொருகினால் லூப் ஆகி, பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) சுற்றிச் சுற்றி வரும். லூப்பைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ வசதி இருந்தால் ஒன்றை முடக்கி வைத்துவிடும். அதனால் இரண்டு போர்ட்டையும் லேக்காக, அதாவது ஒரே இணைப்பாக இயங்கும் குழுவாகக் கட்டினேன்.

ஒரு ஃபைல் இரட்டை வேகத்தில் போகும் என்று நம்பித்தான் ஆரம்பித்தேன். போகாது. பாக்கெட்டுகள் முன்பின் மாறிவிடக் கூடாது என்பதால், ஒரு பரிமாற்றம் முழுக்க ஒரே கேபிளில்தான் போகும். பெரிய பேக்கப் இன்றைக்கும் நொடிக்கு 110 எம்பி அளவில்தான் நிற்கிறது. பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போதுதான் பலன் தெரியும், அதுவும் ஹாஷ் அமைப்பு (எந்தப் பரிமாற்றம் எந்தக் கேபிளில் என்று முடிவு செய்வது) சரியாக இருந்தால். எங்கள் மாடி சுவிட்ச் பெறுநரின் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) மட்டும் பார்த்தது. எல்லோரும் போவது ஒரே சர்வருக்கு, அப்புறம் எப்படிப் பிரியும்? ஒரு போர்ட் நிரம்பி வழிந்தது, மற்றது காலியாகக் கிடந்தது. இரு பக்க ஐபி முகவரிகளையும் சேர்த்துப் பார்க்கும்படி மாற்றிய பிறகே பளு பிரிந்தது. சரிசமமாக இல்லை, ஆனால் போதும்.

இரண்டாம் வருடம் பின்கட்டிடத்துக்கும் இதையே செய்தேன். அங்கே ஃபைபர், இருபுறமும் ஃபைபரைக் காப்பராக மாற்றித் தரும் மீடியா கன்வர்ட்டர். அவசரத்தில் ஸ்டாட்டிக் முறையில், அதாவது இரு முனைகளும் ஒன்றையொன்று விசாரிக்காத வகையில், கட்டிவிட்டேன். ஒரு திங்கள் காலை, "பில்லிங் திறக்கவே மாட்டேங்குது" என்றார் ஒருவர். "எனக்கு நல்லா வருதே" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். சுவிட்சில் இரண்டு விளக்கும் பச்சை. அரை நாள் கணினிகளைத்தான் கிளறிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், ஒரு கன்வர்ட்டரில் ஃபைபர் விளக்கு அணைந்திருந்தது. சுவிட்சிலிருந்து கன்வர்ட்டர் வரையிலான சின்ன காப்பர் கேபிள் உயிரோடு இருந்ததால், சுவிட்ச் அதை நம்பி பாதிப் பேரின் பாக்கெட்டுகளைக் கிணற்றில் கொட்டிக்கொண்டிருந்தது.

அன்றே, லேக்கை இரு முனைகளும் பேசிக் கண்காணிக்கும் எல்ஏசிபி (LACP) நெறிமுறைக்கு மாறினேன். 2000-இல் 802.3ஏடி என்று வந்த தரம் இது, பெட்டியில் 802.1ஏஎக்ஸ் என்றிருந்தாலும் அதுதான். இரு முனைகளும் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டே இருக்கும். எதிர்முனையிலிருந்து பேச்சு நின்றால் அந்தப் போர்ட் குழுவிலிருந்து விலகிவிடும். ஸ்லோ முறையில் 30 நொடிக்கு ஒரு விசாரிப்பு, கைவிட 90 நொடி. ஃபாஸ்ட்டில் 1 நொடி, 3 நொடி. நான் இரு முனையிலும் ஃபாஸ்ட் வைத்திருக்கிறேன். ஒரு முனையாவது ஆக்டிவாக இருக்க வேண்டும். இரண்டும் பாசிவ் என்றால் யாரும் பேச்சைத் தொடங்க மாட்டார்கள்.

ஒரு குறை இன்னும் இருக்கிறது. இரண்டு கேபிளும் முடிவது ஒரே சுவிட்சில். அது போனால் எல்லாம் போகும். ஸ்டாக் செய்யக்கூடிய (இரண்டு சேர்ந்து ஒன்றுபோல் இயங்கும்) சுவிட்சுகள் வாங்கி, சுவிட்சுக்கு ஒரு கேபிளாகப் பிரித்துச் சொருகினால்தான் அது தீரும். இப்போதைக்குக் கேபிள் போகும் பாதையையாவது பிரித்தேன். போன மாதம் ஏசி மாட்ட வந்தவர்கள் சுவரில் துளை போட்டபோது ஒரு கேபிள் அறுந்தது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. மறுநாள் லாக்கைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.