மேட்லேப் மரத்தை சைபைக்கு மாற்றுவது: ஆறு வருட அனுபவம்

போன வாரம் லேப் ஜூனியர் ஒருவன் வந்து, "அக்கா, மேட்லேபில் போட்ட பழைய கிளஸ்டரிங்கை (ஒத்த மாதிரிகளைப் படிப்படியாகச் சேர்த்துக் குழுவாக்கும் மரத்தை) பைதானுக்குக் கொண்டுபோகணும். எல்லாவற்றிலும் ஒன்றைக் கழித்தால் போதும்தானே?" என்று கேட்டான். எனக்குத் திக்கென்றது. ஆறு வருடம் முன்பு நானும் அதையேதான் செய்தேன்.

எது எதோடு சேர்ந்தது என்று வரிசைப்படி சொல்லும் லிங்கேஜ் அட்டவணையில்தான் அந்த மரம் இருக்கும். மேட்லேபில் அதற்கு மூன்று பத்திகள்: முதல் இரண்டில் சேரும் இரண்டின் எண்கள், மூன்றாவதில் அவற்றுக்கு இடையிலான தூரம். எண்கள் 1இல் தொடங்கும். பைதானின் அறிவியல் கணிப்பு நூலகமான சைபைக்கு 0இல் தொடங்க வேண்டும், நாலாவது பத்தியில் உறுப்பினர் எண்ணிக்கையும் வேண்டும். எண்ணிக்கையை நானே கணக்கிட்டு ஒட்டினேன். ஆனால் 1ஐக் கழித்தபோது மூன்றாவது பத்தியிலும், அதாவது தூரத்திலும், கழித்துவிட்டேன். தூரங்கள் எல்லாம் 1க்கு மேல் இருந்ததால் எங்கும் மைனஸ் வரவில்லை. அட்டவணையைச் சரிபார்க்கும் சைபை ஃபங்ஷனான 'இஸ் வேலிட் லிங்கேஜ்' சரி என்றது. டெண்ட்ரோகிராமும், அதாவது தூரத்தை உயரமாகக் காட்டும் மரப் படமும், அச்சு அசல் பழைய வடிவம்தான். அதே உயரத்தில் வெட்டினால் மட்டும் 7 குழுக்கள் 5 ஆகிவிட்டன. இரண்டு நாள் தரவில் தப்பைத் தேடினேன்.

அப்புறம்தான் சைபைக்குள்ளேயே இந்த மாற்றத்துக்கென்றே 'ஃப்ரம் எம்லேப் லிங்கேஜ்' என்ற ஃபங்ஷன் இருப்பது தெரிந்தது. முதல் இரண்டு பத்திகளில் மட்டும் கழிக்கிறது, நாலாவதைத் தானே எண்ணிச் சேர்க்கிறது. ஏற்கெனவே மாற்றிய அட்டவணையை மறந்துபோய் மறுபடி கொடுத்தால் பிழை காட்டி நிறுத்திவிடுகிறது. அந்தக் கண்டிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'டு எம்லேப் லிங்கேஜ்' வழியாகத் திருப்பி மாற்றி, மூலத்தோடு ஒப்பிடாமல் இன்றுவரை ஒரு கோப்பையும் நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

ஆர் என்ற புள்ளியியல் மொழியின் பக்கம் போனால்தான் எனக்குக் கோபம் வரும். அங்கே தனி உறுப்புக்கு மைனஸ் எண், சேர்ந்த கிளைக்கு அது உருவான வரிசை எண். ஐந்து மாதிரிகள் என்றால், இரண்டாவதாக உருவான கிளை ஆரில் 2, மேட்லேபில் 7, சைபையில் 6. ஒரே கிளைக்கு மூன்று பெயர்! இதற்கு சைபையில் தயார் ஃபங்ஷன் கிடையாது, நாமே எழுத வேண்டும். எழுதினாலும் வார்டு முறை (குழுவுக்குள் சிதறல் குறைவாகக் கூடும்படி சேர்க்கும் முறை) காத்திருக்கும். 2014இல் வந்த ஆர் 3.1.0இலிருந்து அங்கே 'வார்டு.டி', 'வார்டு.டி2' என இரண்டு உண்டு. சாதாரண யூக்ளிட் தூரம் கொடுத்தால் சைபையின் வார்டோடு பொருந்துவது டி2 மட்டும்தான். மற்றதில் வந்த மரத்தை எவ்வளவு கவனமாக மாற்றினாலும் உயரங்கள் ஒத்துப்போகாது.

இவ்வளவு பாராட்டிய பிறகும் சொல்கிறேன்: மூலத் தரவு கையில் இருந்தால் எதையும் மாற்றாதீர்கள், சைபையிலேயே மறுபடி ஓட்டுங்கள். ஜூனியரிடமும் அதைத்தான் சொன்னேன். அவனிடம் மூலத் தரவு இல்லை, அந்த ஒரே கோப்புதான் மிச்சம். சரி என்று 'ஃப்ரம் எம்லேப் லிங்கேஜ்' போட்ட ஒரு வரியை அனுப்பிவைத்தேன், "மூன்றாவது பத்தியில் கை வைக்காதே" என்று சேர்த்து.